எண்ணூற்றுப் பன்னிரண்டாவது தோல்

எங்கள் பத்திரிகை ஆபீசில் என்னைப் பற்றி ஒரு கேலி உண்டு. ஏரி உடைந்து ஐம்பது ஆடு போய்விட்டது என்று செய்தி வந்தால், "ஐம்பதை எண்ணினது யார்? தலையைப் பார்த்து எண்ணினாரா, வாலைப் பார்த்து எண்ணினாரா?" என்று நான் கேட்பேனாம். கேட்பேன்தான். முப்பது வருஷமாகக் கேட்டிருக்கிறேன். போன மாதம் எனக்கு விடை கொடுத்த அன்று, பக்கோடா தட்டு காலியான பிறகு, உதவி ஆசிரியர்களில் இளையவர் எழுந்தார். "தலை புரியுது சார், வால் எதுக்கு? அப்புறம், பட்டாளத்துல இருந்தீங்கன்னு சொல்றாங்க. அதப் பத்தி ஒரு வரிகூட நீங்க எழுதினதில்லையே?" என்று கேட்டார்.

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். பதில் வெளிவந்தால் கூச்சப்படவேண்டிய ஆட்கள் இப்போது உயிரோடு ஒருவரும் இல்லை, என்னைத் தவிர.

முதல் உலக யுத்தம் நடந்தபோது, பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தேன். வேலூர்க் கோட்டைக்கு எதிரில் மார்பை அளந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், ஏழாம் வகுப்பு தேறியவன் என்பதால் ஒரு கடுதாசி எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். பெங்களூரில் ஏழு மாதம் பயிற்சி. அதில் சொல்லும்படி ஒன்றுமில்லை. இடது கால், வலது கால், மறுபடியும் இடது கால். சமையல்காரரிடமிருந்து கொஞ்சம் இந்துஸ்தானி கற்றுக்கொண்டேன்.

பயிற்சி முடிந்ததும் எங்கள் கோஷ்டி முழுவதும், துருக்கிக்காரரோடு சண்டை நடந்துகொண்டிருந்த பாஸ்ராவுக்குக் கப்பல் ஏறப்போகிறது என்று சொல்லி, பத்து நாள் லீவில் ஊருக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊர் மாதனூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அதுவரை எங்கள் ஊரிலிருந்து அதிக தூரம் போனவர் திருப்பதி போனவர்தான். ஆகவே எனக்கு நடந்த வழியனுப்பு பெரிதாகவே நடந்தது. பம்பை அடித்தார்கள். கெங்கையம்மனுக்குக் கிடா வெட்டினார்கள். என் அம்மாவின் தம்பி, சின்னசாமி மாமா, தன் வண்டியில் செவலை, மயிலை என்ற இரண்டு மாடுகளையும் பூட்டி என்னை ஆம்பூர் ஸ்டேஷனுக்கு ஓட்டிவந்தார். பிளாட்பாரத்தில் நின்று, ரயிலில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, "எங்க அக்கா மவன் ஏழுமல, பாஸ்ராவுக்குச் சண்டைக்குப் போறான், நல்லாப் பாத்துக்குங்க" என்றார். ஒரு பாதிரியார் ஜன்னல் வழியாக என்னை ஆசீர்வதித்தார். மயிலைகூட என் கையை நக்கியது.

பெங்களூரில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். என் கோஷ்டியில் முப்பத்தாறு பேருக்குப் பாஸ்ரா. நான்கு பேருக்கு ஆம்பூர். எழுத்து நன்றாக இருந்த குற்றத்துக்காக நான் நால்வரில் ஒருவன். மாமா என்னை ஏற்றிவிட்ட அதே பிளாட்பாரத்தில், லீவு தொடங்கிய பதினோராம் நாள் இறங்கினேன்.

ஊருக்கு ஏழு மைல். அங்கே போய், "சண்டை ஆம்பூரில்தானாம்" என்று எப்படிச் சொல்வது? பம்பைக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அடுத்த வாரம் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதில் ஒட்டகம் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டது. ஒட்டகத்தை எழுதிய பிறகு திரும்பி வர வழியில்லை. கடிதத்தை, வெள்ளிக்கிழமைதோறும் சென்னையிலிருந்து எங்களைச் சோதிக்க வரும் வெள்ளைக்காரர் கேப்டன் துரையின் ஆர்டர்லியிடம் கொடுத்துச் சென்னையில் போடச் சொன்னேன். பட்டாளத்துக் கடிதம் எல்லாம் சென்னை வழியாகத்தான் வரும் என்று ஊரில் நம்பினார்கள்.

எங்கள் வேலை இது. பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைக்க அந்த வட்டாரத்துத் தோலையெல்லாம் சர்க்கார் வாங்கிக்கொண்டிருந்தது. பல தோல் ஷாப்புகளில் பதனிட்ட மாட்டுத் தோல், ஒரு பெரிய ஷாப்பின் முற்றத்துக்கு வந்து சேரும். முற்றத்தில் ஒரு பக்கம் நீளமான தாழ்வாரம், அது எங்களுடையது. எதிர்ப்பக்கம் ஷாப்புக்காரரின் பட்டைக் கொட்டகை. தோல் பதனிடும் ஆவாரம்பட்டையை வண்டிகள் அங்கே இறக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாசல். வாசலில் நாங்கள்.

நாங்கள் என்றால் நால்வரும் ஒரு ஹவில்தாரும். வேலூர் லாஸர், வாய் மூடாதவன். முத்திரை குத்துவது அவன். பேரணாம்பட்டு காதர் பாஷா, குரல் வளம் உள்ளவன், எண்ணுவது அவன். நான் எழுதுவது. நான்காவது ஆள் சமைத்தான், அல்லது காய்ச்சலில் கிடந்தான்.

ஹவில்தார் முனிரத்தினம் ஆற்காட்டுக்காரர். பதினெட்டு வருஷ சர்வீஸ். மீசையின் இரண்டு நுனியும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று காலையில் பிரம்பை வைத்துப் பார்ப்பார். அந்த வருஷம் அவருக்கு அடுத்த மேல்படியான ஜமேதார் பதவி வரவேண்டியிருந்தது. எங்களைத் திட்டமாட்டார், போர்டைக் காட்டுவார். வாசலுக்குள் மாட்டியிருந்த அந்தப் போர்டைத் தினமும் காலையில் நான் உரக்கப் படிக்க, மற்றவர்கள் விறைத்து நின்று கேட்க வேண்டும். முப்பது வருஷம் தாண்டியும் எனக்கு அது மனப்பாடம்.

"ஒன்று: முற்றத்தில் உள்ள ஒவ்வொரு தோலும் மூன்று மணிக்கு எண்ணப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். இரண்டு: எண்ணிய தொகை உடனே சென்னைக்குத் தந்தியில் போக வேண்டும். மூன்று: முத்திரையிட்ட தோல் எதுவும் பாஸ் இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது."

எண்ணும் முறையைச் சொல்ல வேண்டும். தோலை முதுகு வாட்டத்தில் மடித்து, வால் நுனி வெளியே தெரியும்படி, படிக்கட்டுப்போலச் சரித்து அடுக்குவார்கள். காதர் பாஷா ஒரு குச்சியால் ஒவ்வொரு வாலையும் தட்டி, பாட்டுப்போல எண்ணைச் சொல்லிக்கொண்டு போவான். நான் பின்னால் நடந்துகொண்டே கோடு போடுவேன். எனக்குப் பின்னால் லாஸர், வாலுக்கு மேலே, சர்க்கார் சொத்து என்பதற்கு அடையாளமான அம்புக்குறி முத்திரையைக் குத்துவான். கடுக்காயும் அன்னபேதியும் கலந்த மை. தோலில் பட்டால் போகாது. தட்டு, கோடு, குத்து. மூன்று பேரும் ஒரே வேகத்தில் போவோம். யாரும் தலை நிமிரமாட்டோம். எட்டு நிமிஷத்தில் எண்ணூறு தோல் முடியும். இந்த வேகத்தைக் கேப்டன் துரை ஒருமுறை மெச்சியிருந்தார்.

தோல் ஷாப்பின் வாடையை அதில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லியும் பயனில்லை. வாசலில் நிற்பவன் தலைப்பாகையின் நுனியை மூக்குக்குக் குறுக்கே சுற்றிக்கொள்ளலாம் என்று ஹவில்தார் அனுமதித்திருந்தார். நான் கண்ணுக்குக் கீழே எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டேன். ஏனென்றால் ஆவாரம்பட்டை கொண்டுவரும் வண்டிகளில் ஒன்று சின்னசாமி மாமாவுடையது.

வாரம் ஒருமுறை வருவார். உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியையும் வாசல் புத்தகத்தில் பதிய வேண்டும். என் சொந்த மாமாவிடம் நான் பெயர் கேட்க வேண்டும். குரல் தெரிந்துவிடுமே என்று சமையல்காரரின் இந்துஸ்தானியில் கேட்டேன். "நாம் க்யா?"

"சின்னசாமி. போன வாரமும் இதே பேருதான்" என்பார் மாமா. பிறகு வண்டியில் உட்கார்ந்தபடியே செவலையிடம் தமிழில் சொல்வார்: "வடக்கத்திப் பட்டாணிக்காரன் போல. மூஞ்சியக் காட்டமாட்டான். என்னா மூஞ்சியோ."

மயிலை மட்டும் வண்டியை இழுத்துக்கொண்டு என் பக்கம் வரும். என் கையை நக்கும்.

"த்தா, கழுத! உனக்கு இன்னாத்துக்கு இவன் கையி?" என்று மாமா மூக்கணாங்கயிற்றை இழுப்பார்.

இப்படி இரண்டு மாதம் ஓடியது. லாஸருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

ஆடியில் ஒரு திங்கள்கிழமை சாயங்காலம் மழை பிய்த்துக்கொண்டு பெய்தது. அந்த வருஷத்தின் முதல் மழை. மறுநாள் பகலில் மாமா பட்டை வண்டியோடு வந்தார். இந்த ஒரு நடையை முடித்துவிட்டு, விடிந்ததும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைக்க ஏர் பூட்டுவதாகக் கொட்டகைக்காரரிடம் சொன்னார். நான் புத்தகத்தில் எழுதினேன்: மாதனூர் பக்கம் சின்னசாமி, ஆவாரம்பட்டை, மாடு இரண்டு. கீழே என் கையெழுத்து.

மாமா மாடுகளை அவிழ்த்துவிட்டுப் பட்டை இறக்கினார். செவலை வண்டிச் சக்கரத்தருகே நின்றது. மயிலை நிழல் தேடி முற்றத்தைக் கடந்து எங்கள் தாழ்வாரத்துக்கு வந்து, கடைசி அடுக்குக்கு அடுத்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. வால் எங்கள் பக்கம்.

மூன்று மணிக்கு எண்ணினோம். அன்று வந்தது முழுவதும் புதுச் சரக்கு. தட்டு, கோடு, குத்து. லாஸர் தன் மாமியார் வீட்டில் கோழி திருடின கதையைச் சொல்லிக்கொண்டே வந்தான். "எண்ணூத்திப் பதினொண்ணு... எண்ணூத்திப் பன்னெண்டு... கதம்!" என்று காதர் பாஷா ராகத்தோடு முடித்தான். நான் எழுதினேன். லாஸர் குத்தினான். கடைசி வால் கொஞ்சம் அசைந்ததாகத் தனக்குத் தோன்றியது என்று காதர் பாஷா பின்னால் ஒப்புக்கொண்டான். ராகத்தை நடுவில் விட மனம் வரவில்லையாம்.

லாஸர் ஸ்டேஷனுக்கு ஓடித் தந்தி கொடுத்துவிட்டு வந்தான். அவன் வாசலுக்குள் நுழைந்தபோதுதான் மாமா, "ஹோய், மயில!" என்று கூப்பிட்டார்.

எண்ணூற்றுப் பன்னிரண்டாவது தோல் எழுந்து நின்றது. பின்சப்பையில் கறுப்பாக, நேராக, அழகாக ஒரு அம்புக்குறி.

ஹவில்தார் மாட்டை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு போர்டைப் பார்த்தார்.

"தந்தி போய்டுச்சா?"

"போய்டுச்சு ஹவில்தார்."

"அப்ப இது போவாது."

"மாடு சார் இது" என்றான் லாஸர்.

"தோல் இருக்குதா?"

"இருக்குது."

"முற்றத்துல இருக்குதா? எண்ணியாச்சா? முத்திர இருக்குதா? உள்ள இன்னா இருக்குதுன்னு போர்டுல கேக்கல."

தந்தியைத் திருத்தி இன்னொரு தந்தி கொடுக்கலாமே என்று நான் சொன்னேன். பதினெட்டு வருஷத்தில் தான் சொன்ன எண் ஒன்றுகூடத் திருத்தப்பட்டதில்லை என்றார் ஹவில்தார். ஜமேதார் பதவி அவர் கண்ணில் தெரிந்தது. ஷாப்புக்காரரிடம் வேறொரு தோல் வாங்கி வைத்துவிடலாம் என்றான் காதர் பாஷா. ஹவில்தார் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெச்சுக்க. சர்க்கார் முத்திர குத்தின தோலு மாதனூர் ரோட்டுல நாலு காலுல நடந்து போவுது. போலீஸு யார பிடிப்பான்? இந்த ஆளத்தான். திருட்டுத் தோலுன்னு உள்ள தள்ளுவான். அந்தாளு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. முத்திரை குத்திய தோல் வெளியே அகப்பட்டால் கைது என்று உண்மையிலேயே உத்தரவு இருந்தது. கேப்டன் துரை வெள்ளிக்கிழமை வருவார். அவர் பாஸ் கொடுத்தால் போகலாம் என்று தீர்ப்பாயிற்று. அன்று செவ்வாய்.

மாமாவுக்குச் சொல்லும் பொறுப்பு வாசலில் நின்றவனுடையது. என் இந்துஸ்தானி அவ்வளவு தூரம் போகாது என்பதால் லாஸர் சொன்னான். மாமா முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"இன்னா ஐயா பேஜார் இது? ராத்திரி பேஞ்ச ஈரம் நாலு நாளுதான் நிக்கும். ஒத்த மாட்ட வெச்சி நான் எப்படி ஏரு ஓட்டுறது? மழ பேஞ்சா ஊருல எவன் மாடு சும்மா நிக்கும், இரவல் வாங்க? விதைக் கொட்டை உடைச்சி வெச்சிருக்கன். இந்த ஈரத்த விட்டா இந்த வருசத்துக்கு மல்லாட்ட கெடையாது."

பிறகு என் பக்கம் திரும்பினார். எனக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில், நான் பிறந்த நாளிலிருந்து என் வம்சம் முழுவதையும் திட்டினார். அது அவருடைய வம்சமும்தான், அவருக்குத் தெரியாது. கடைசியில் சொன்னார்: "எங்க அக்கா மவன் ஏழுமல மட்டும் இங்க இருந்திருந்தா, உங்கள ஒரு கை பாத்திருப்பான். அவன் எங்கியோ பாஸ்ராவுல, ஒட்டகத்து மேல குந்திகினு, சண்ட போட்டுகினு இருக்கான்."

லாஸர் இருமத் தொடங்கி, கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டான்.

செவ்வாய் சாயங்காலம் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டுச் செவலையை மட்டும் ஓட்டிக்கொண்டு ஊர் போன மாமா, புதன்கிழமை ஏழு மைல் நடந்து, தலையில் ஒரு கட்டுச் சோளத்தட்டையோடு வந்தார். மயிலை வேறு கையால் போட்டால் தின்னாதாம். (என் கையால் தின்றது. அதை நான் சொல்லவில்லை.) துண்டின் முனையில் தன் கொல்லை மண்ணை ஒரு பிடி முடிந்துகொண்டு வந்திருந்தார். அவிழ்த்து உள்ளங்கையில் வைத்து அமுக்கினார். கொழுக்கட்டைபோல நின்றது.

"பாரு. மண்ணு கூப்புடுது. பாருய்யா பட்டாணி, உனக்கு வெவசாயம் தெரியுமா?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று இப்போது நினைவில்லை.

உள்ளே புதுச் சிக்கல் வந்தது. தினமும் எண்ண வேண்டும். எண் குறையக் கூடாது. மூன்று மணிக்கு மயிலை தாழ்வாரத்துக் கடைசியில், வால் வெளியே தெரியப் படுத்திருக்க வேண்டும். அது படுக்காது. காதர் பாஷா அதன் காதருகே போய்த் தாலாட்டுப்போல ஏதோ பாடினான். படுத்தது; ஆனால் தலை எங்கள் பக்கம். "எண்ணூத்திப் பதினொண்ணு" என்று எண்ணிக்கை நின்றுவிட்டது.

"வால இந்தப் பக்கம் திருப்புங்கடா!" என்று ஹவில்தார் கத்தினார்.

"தலைய எண்ணக் கூடாதா சார்?"

"மத்த தோலுக்குத் தல இருக்குதா?"

மூன்று சிப்பாய்கள் சேர்ந்து ஒரு மாட்டைத் திருப்பினோம். எனக்குத் தெரிந்து அந்த யுத்தத்தில் நாங்கள் கண்ட ஒரே கைகலப்பு அதுதான். லாஸருக்கு முழங்காலில் காயம்.

வியாழக்கிழமை மாமா கொண்டுவந்த மண் பிடித்தால் நின்றது, விரலால் தொட்டால் விரிசல் விட்டது. அன்று அவர் யாரையும் திட்டவில்லை. வாசலுக்கு எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்து மயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டாத மாமாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூக்குத் துணிக்குள் எனக்கு வியர்த்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கேப்டன் துரை வந்தார்.

அவர் மனிதர்களைப் பார்ப்பதில்லை, தோலைத்தான் பார்ப்பார். பார்ப்பார் என்பதும் தப்பு. தாழ்வாரத்தில் நுழைந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். பெருவிரலால் தோலைக் கிள்ளுவார், மடிப்பார், காதருகே வைத்து அதன் முறுமுறுப்பைக் கேட்பார். கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது என்பது அவர் கட்சி. கண்ணைத் திறக்காமலே நல்லது, சுமார், கழிவு என்று தமிழில் சொல்லுவார். நான் எழுதிக்கொண்டு பின்னால் போவேன்.

அன்றும் அப்படியே போனார். நல்லது. நல்லது. சுமார். ஹவில்தார் ஒவ்வொரு அடிக்கும் விறைப்பைக் கூட்டிக்கொண்டே வந்தார். கடைசி அடுக்கும் முடிந்தது. கேப்டன் துரை கண்ணை மூடியபடியே ஒரு அடி வைத்து, மயிலையின் பின்சப்பையைக் கிள்ளினார்.

"ரொம்ப நல்லது" என்றார். மறுபடி கிள்ளினார். "வெட்டு இல்லே, சொறி இல்லே. முதல் தரம். ஆனா கொஞ்சம் ஈரம்." உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சூடு ஏன்?"

மயிலை வாலால் அவர் முகத்தில் ஒன்று போட்டது. கேப்டன் துரை கண்ணைத் திறந்தார்.

ஹவில்தார் பூமி அதிர சலாம் அடித்தார். "நம்பர் எண்ணூத்திப் பன்னெண்டு, சார்! கணக்கு ஒரு நாளும் தப்பல, சார்!"

கேப்டன் துரை மாட்டைப் பார்த்தார். அம்புக்குறியைப் பார்த்தார். எங்கள் நால்வரையும், என் நினைவில் முதல்முறையாக, ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு ஒரு தோல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தார். போர்டை எழுதியவரே அவர்தான். அதில் ஓட்டை இருப்பதை ஒப்புக்கொள்ள அவருக்கும் மனமில்லை.

கடைசியில் கழிவுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். கழித்த தோலை உடையவனிடம் திருப்பிக் கொடுக்கலாம். கழிவுச் சீட்டு இருந்தால் போலீசும் கேட்காது. ஆனால் காரணம் எழுத வேண்டும். கேப்டன் துரை இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் எழுதினேன். அந்தச் சீட்டு வெகுநாள் மாமா வீட்டில் இருந்தது.

"கழிவுக் காரணம்: இன்னும் உரிக்கப்படவில்லை."

அடுத்து ஒரு விதி. உள்ளே வந்த தோலும் வெளியே போகும் தோலும் ஒன்றுதான் என்று, வாசல் புத்தகத்தில் பதிந்தவன், உடையவன் எதிரில், தன் பெயரையும் ஊரையும் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். மாமாவை உள்ளே கூப்பிட்டார்கள். கேப்டன் துரை வாசல் புத்தகத்தைப் புரட்டினார்.

"ஏழுமலை. யார் அது?"

"எங்க அக்கா மவன் பேரும் அதாங்க தொர!" என்றார் மாமா, ஆசையோடு. "பாஸ்ராவுல இருக்கான்."

லாஸர் என் காதில், "டேய், நான் வேணா போய் நிக்கட்டுமா?" என்றான். நல்ல தோஸ்த். ஆனால் கேப்டன் துரை எங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டிருந்தார்.

"இந்த மாடு அதே மாடுதானா? சந்தேகம் இருந்தா சொல்லு. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து விசாரிக்கிறேன்."

அது எனக்கு ஒரு வழி. சந்தேகமாக இருக்கிறது என்று இந்துஸ்தானியில் சொல்ல இரண்டு வார்த்தை போதும். நான் வாயைத் திறந்தேன். அப்போது மாமா துண்டின் முனையை அவிழ்த்து, அன்றைய மண்ணை எடுத்து, துரைக்குக் காட்டுவதற்காகப் பிடித்தார். விரலைப் பிரித்தார். ஒரு நொடி உருண்டையாக நின்றது. பிறகு இரண்டாகப் பிளந்தது.

மூக்குத் துணியை அவிழ்த்தேன்.

"அதே மாடுதான் சார். மயில. என் பேரு ஏழுமல. ஊரு மாதனூர் பக்கம்." பிறகு மாமாவைப் பார்த்து, "நான்தான் மாமா" என்றேன்.

மயிலை என் கையை நக்கியது. மாமா என் பூட்ஸிலிருந்து தலைப்பாகை வரை பார்த்தார். வாசலைப் பார்த்தார், ஸ்டேஷன் இருந்த திசையைப் பார்த்தார். ஏதோ தூரத்தை அளப்பதுபோல இருந்தது.

"ஏம்பா," என்றார் கடைசியில், "பாஸ்ரா இவ்ளோ கிட்டயா இருக்குது?"

நான் மூக்குத் துணியைச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன்.

"இத்தன நாளா நான் திட்டினதெல்லாம்?"

"புரிஞ்சிது மாமா."

"நல்லது. மறுபடி சொல்ல வேண்டியதில்ல." கழிவுச் சீட்டை வாங்கி இடுப்பில் செருகினார். "ஈரம் போவுது. உன்ன அப்புறம் வெச்சிக்கிறன்." மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்; வண்டியைப் பிறகு ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார். ஏழு மைலையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்து, அன்று சாயங்காலமே ஏர் பூட்டி, மறுநாள் உச்சிவெயிலுக்குள் விதைத்து முடித்தார். ஒன்பதாம் நாள் முளை தெரிந்தது.

பத்தாம் நாள் பட்டை வண்டியோடு வாசலில் நின்றார். நான் துணி இல்லாமல் நின்றேன்.

"நாம் க்யா?" என்றார் மாமா.

"மாமா..."

"அக்காகிட்ட ஒண்ணும் சொல்லல. சொன்னா அது அழும், ஊரு சிரிக்கும். நீ பாஸ்ராவுலயே இரு. ஆனா கடுதாசி எழுதுறப்ப ரெண்டு வரி நான் சொல்றத எழுதணும்."

அன்றிலிருந்து என் பாஸ்ராக் கடிதங்களை மாமா சொல்லச் சொல்ல, வாசல் புத்தகத்தின்மேல் காகிதத்தை வைத்து நான் எழுதினேன். "கிணத்துத் தகராறுல மாமா பக்கந்தான் நியாயம்னு எழுது." எழுதினேன். "மாமாவக் கேக்காம ஆட்ட விக்காதன்னு எழுது." எழுதினேன். "இங்க துருக்கிக்காரங்ககூட தாய்மாமன் பேச்சத் தட்டமாட்டாங்கன்னு எழுது." அதற்கு மட்டும் தயங்கினேன். "மூஞ்சியில துணியக் கட்டிக்க, நான் ஊருக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிடறன்" என்றார். எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கோயில் வாசலில் மூன்றுமுறை படித்தார்களாம்.

அம்புக்குறியையும் சொல்லிவிட வேண்டும். கழித்த தோலில் முத்திரையின்மேல் குறுக்குக் கோடு போட வேண்டும். லாஸர் சுண்ணாம்பால் போட்டான். மாமா வீடு போவதற்குள் சுண்ணாம்பை நன்றாகத் துடைத்துவிட்டார், அம்பு நின்றது. அதன் பிறகு மயிலை எவன் பயிரை மேய்ந்தாலும் மாட்டுப் பட்டிக்காரன் அதை அடைக்கப் பயந்தான்; சர்க்கார் சொத்து. முடி உதிர்ந்து அம்பு மங்கினபோது, மாமா கடுக்காயும் அன்னபேதியும் வாங்கி மறுபடி தீட்டினார். செவலைக்கும் ஒன்று தீட்டினார். யுத்தம் முடிவதற்குள் எங்கள் ஊரில் அம்புக்குறி போட்ட மாடு ஏழு. வாசலில் பதிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சர்க்கார் முத்திரையிட்டது ஒன்றைத்தான்.

ஹவில்தார் முனிரத்தினத்துக்கு ஜமேதார் பதவி வந்தது. கணக்குத் தவறாத மனிதர் என்று கேப்டன் துரையே எழுதினார். போகும் முன் என்னை அழைத்துப் போர்டில் நான்காவது வரி ஒன்று சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்: "நான்கு: தோல் என்பது மாடு இல்லாத தோல்."

யுத்தம் முடிந்து என்னை அனுப்பிவிட்டார்கள். ஆம்பூர் ஸ்டேஷனில் ரயிலேறி, இரண்டு ஸ்டேஷன் போய், அடுத்த ரயிலில் திரும்பிவந்து இறங்கினேன், மாமாவின் ஏற்பாடு. ஊரே பிளாட்பாரத்தில் நின்றது. பம்பை அடித்தார்கள். மாலை போட்டார்கள். அம்மா என் கன்னத்தைத் தடவி, இளைத்துவிட்டேன் என்று அழுதார். மயிலையும் செவலையும் அம்புக்குறியோடு வண்டியில் நின்றன. அவற்றுக்கும் மாலை.

ஊர்ப் பெரியவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஏன் தம்பி, அவ்ளோ தூரம் போய்ட்டு வந்திருக்கியே. பாஸ்ராவுல வெயிலு எப்படி?"

நான் வாயைத் திறந்தேன். மாமா முந்திக்கொண்டார்.

"நம்ம ஆம்பூர் மாதிரியேதானாம். கடுதாசியில எழுதியிருந்தானே."